வசிலிக்கியிடம் கணக்கு, ஹைரியேயிடம் பாஸ்போர்ட்

2024 பிப்ரவரி 6, செவ்வாய்

தண்ணீர்: பெத்ரி மூன்று கோப்பை. நான்காவது கேட்டான். தரவில்லை.

இந்த நோட்டை டயாலிசிஸ் பிரிவில் கொடுத்தார்கள், என் புருஷன் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறான் என்று எழுதி வைக்க. எழுதுகிறேன். ஆனால் ஒரு வரி எழுதிவிட்டு மீதிப் பக்கத்தைச் சும்மா விட மனசு வருவதில்லை. இன்றைக்கு நடந்ததை உள்ளேயே வைத்துக்கொண்டு படுத்தால் நாளைக்கு அந்த ஆஸ்பத்திரியில் எனக்கும் ஒரு கட்டில் போட வேண்டியிருக்கும்.

ரயில் நிலையத்துக்கு எதிரே வாடகைக் கார் கடை. மேசைக்குப் பின்னால் ஒரு பெண், பத்து விரலிலும் சிவப்பு நகம். என் லைசென்ஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நாற்பத்தாறு வயதில் வாங்கிய லைசென்ஸ். நான் பார்த்துக்கொண்ட வக்கீல் தாத்தாவைப் பன்னிரண்டு வருஷம் கடற்கரைக்கு ஓட்டிப் போயிருக்கிறேன், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. கார்டை நீட்டினேன்.

“இது டெபிட் கார்டு, பாட்டி. கிரெடிட் கார்டு வேணும்.”

“இதுல பணம் இருக்கு.”

“பணம் இருக்கறது இல்ல விஷயம். வண்டி எல்லையைத் தாண்டுதுல்ல? அப்ப கிரெடிட் கார்டுதான். ஓட்டுறவங்க பேர்லயே இருக்கணும்.”

“என் பையன் ஜெர்மனியில இருக்கான். அவன்கிட்ட இருக்கு. நம்பர் சொல்லுவான்.”

“அப்ப பையனையே வந்து ஓட்டச் சொல்லுங்க.”

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவன் சிரித்தான். “அல்பேனியாவுக்கா? வண்டி திரும்பி வந்த மாதிரிதான்.”

திரும்பி அவன் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். கடுகு நிறச் சட்டை, இடது புருவத்தில் மச்சம். இன்னும் பத்து வருஷம் கழித்துச் சந்தையில் பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 7, புதன்

தண்ணீர்: இரண்டரை.

திங்கள், புதன், வெள்ளி. காலை ஏழு முதல் பதினொன்றரை வரை பெத்ரியின் ரத்தம் அந்த இயந்திரத்துக்குள் போய் வருகிறது. ஆறு வருஷமாக இதுதான் எங்கள் வாரம். நடுவில் வெள்ளி மத்தியானத்திலிருந்து ஞாயிறு இரவு வரை மட்டும் அவன் சுதந்திரமான மனுஷன்.

அந்த இரண்டரை நாளில் அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். தொண்ணூற்றொரு வயது. அல்பேனியாவில் பிலிஷ்ட் ஊர் தாண்டி மலைக்குக் கீழே கிராமம், இங்கே தெசலோனிக்கியிலிருந்து நாலு மணி நேரம். ஆறு வருஷமாகப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவளுக்குத் தெரியாது. சிறுநீரகம் போய்விட்டது என்று பெத்ரி சொல்லவே இல்லை. முதலாளி விடவில்லை, லீவு இல்லை, முதுகு வலி என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பொய். அவள் என்ன நினைப்பாள்? மகன் கிரேக்கனாக மாறிவிட்டான், அம்மாவை மறந்துவிட்டான் என்று நினைக்கிறாள். போன ஞாயிறு போனில் சொல்லிவிட்டாள்: “நோன்புப் பெருநாள் வாரத்துக்குள்ள வரலேன்னா, என் மய்யத்து எடுக்கவும் வராதே.”

பஸ் ஆகாது. நவம்பரில் பஸ்ஸில்தான் கிளம்பினோம். எல்லையில் ஒன்பது மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். அங்கிருந்தே யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு திரும்பினோம், பெத்ரியின் உதடு நீலமாக. டாக்டரம்மா சொன்னாள்: “இன்னொரு தடவை பஸ் ஏறினா வேற டாக்டரைப் பார்த்துக்கோங்க.” அந்தப் பக்கத்து டாக்சிக்காரர்கள் ஆறு பேரை அடைப்பார்கள். அதில் ஒருவன் பேப்பர் சரியில்லை என்றால் ஆறு பேரும் எல்லையில் நிற்க வேண்டும். எல்லையில் நின்றது போதும்.

ஆர்டனுக்குப் போன் செய்தேன். “அம்மா, என் கார்டு நம்பரை எழுதிக்கோ.”

“அந்த நம்பர்ல என் மூஞ்சி இல்லையாம்டா.”

பேத்தி பின்னாலிருந்து சிரித்தாள். சரி, என் பெயரிலேயே ஒரு கிரெடிட் கார்டு வாங்கினால் முடிந்தது. முப்பத்து மூன்று வருஷம் இந்த ஊரில் உழைத்திருக்கிறேன். ஒரு துண்டு பிளாஸ்டிக் தர மாட்டார்களா?

பிப்ரவரி 13, செவ்வாய்

தர மாட்டார்கள்.

வங்கியில் நீல டை கட்டிய பையன். மரியாதையாகத்தான் பேசினான், அது இன்னும் எரிச்சல். பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, கரண்ட் பில், வரிக் காகிதம் எல்லாம் வரிசையாக வைத்தேன். அனுமதி போன வருஷம்தான் புதுப்பித்தது, பதினான்கு மாதம் அலைந்து. அது ஒன்றாவது சரியாக இருந்தது. அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“கணக்கு வசிலிக்கிங்கற பேர்ல இருக்கு. வரி எண்ணும் அவங்க பேர்லதான். கரண்ட் பில்லும். பாஸ்போர்ட்ல ஹைரியேன்னு இருக்கு. அனுமதியிலயும் ஹைரியே.”

“ஆமா.”

“இதுல நீங்க யாரு?”

“ரெண்டும் நான்தான்.”

“கம்ப்யூட்டர் ரெண்டு பேருங்குது.” அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “வசிலிக்கிக்குத் தாராளமாக் குடுக்கலாம், அவங்க கணக்கு சுத்தமா இருக்கு. ஆனா அவங்களுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. உங்களுக்குப் பாஸ்போர்ட் இருக்கு. ஆனா நீங்க இந்த நாட்டுல ஒரு நாள்கூட வேலை செஞ்சதா பதிவு இல்லையே.”

என் இரண்டு கையையும் எடுத்து அவன் மேசைமேல் வைத்தேன். முட்டி வீங்கின கை, பிளீச்சில் வெந்த கை. “இதுல பதிவு இருக்கு. பார்.”

பாவம், பார்த்தான். பிறகு மேலாளரைக் கூப்பிட்டான்.

பிப்ரவரி 14, புதன்

தண்ணீர்: மூன்று. எழுத முடியவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

வசிலிக்கியை நானா பெற்றேன்?

தொண்ணூற்றொன்று ஆகஸ்டில் அல்பேனியாவிலிருந்து மலை தாண்டி வந்தோம். நானும் என் தோழி லிரியும் ஒரே கூட்டத்தில் நடந்தவர்கள். வேலைக்குப் போன முதல் வீடு கிரியா பொலிக்ஸேனியின் வீடு; எஜமானியம்மாவை இங்கே ‘கிரியா’ என்றுதான் கூப்பிட வேண்டும். “உன் பேர் என்ன?” ஹைரியே என்றேன். “அதெல்லாம் என் வாயில நுழையாது. நீ வாசோ.” வசிலிக்கியைச் சுருக்கினால் வாசோ. அவ்வளவுதான். ஒரு வாளியைக் கையில் கொடுப்பது போலக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன். எங்கள் ஜனம் எல்லாருமே அப்படித்தான். பெத்ரிக்குப் பெட்ரோஸ் என்று பெயர் வைத்தார்கள், லிரி எலெப்தேரியா ஆனாள். கிரேக்கப் பெயர் இருந்தால் பஸ்ஸில் யாரும் முறைக்க மாட்டார்கள், வீடு வாடகைக்குக் கிடைக்கும். நானும்தான் சந்தோஷப்பட்டேன். பொய் எதற்கு?

தொண்ணூற்றெட்டில் எங்களுக்கெல்லாம் சட்டப்படி வேலை செய்யப் பேப்பர் கொடுத்தபோது கிரியாவின் புருஷன்தான் ஃபாரம் நிரப்பினார். வசிலிக்கி என்று எழுதினார். எனக்கு அப்போது கிரேக்க எழுத்து தெரியாது. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வரி எண் அப்படி வந்தது, அதைக் காட்டி வங்கிப் புத்தகம், புத்தகத்தைக் காட்டி கரண்ட். குடியிருப்பு அனுமதிக்கு மட்டும் பாஸ்போர்ட் கேட்டார்கள், அதனால் அது ஹைரியே பெயரில் வந்தது. பணம் போடும்போது இருபத்தைந்து வருஷம் ஒருத்தரும் பெயர் கேட்கவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதை இல்லை. தொண்ணூற்றிரண்டு ஏப்ரல் ஒன்பது, வியாழக்கிழமை. வாசலில் கம்பளி உதறிக்கொண்டிருந்தேன். போலீஸ் வண்டி வந்து நின்றது. அப்போதெல்லாம் பேப்பர் இல்லாத எங்கள் ஜனத்தைத் தெருத்தெருவாகக் கூட்டி அள்ளி எல்லையில் கொட்டுவார்கள். போலீஸ்காரன் கதவைத் தட்டிக் கேட்டான்: “இவ உங்க வீட்டு வேலைக்காரியா?” கிரியா என்னைப் பார்த்தாள். எட்டு மாதம் அவள் உள்பாவாடையைத் துவைத்தவள் நான். நான் கட்டியிருந்த ஏப்ரன்கூட அவளுடையது, செர்ரிப் பழம் தைத்தது.

“இவளை எனக்குத் தெரியாது,” என்றாள்.

பெத்ரி அப்போது வேரியாவில் பீச் பழத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போயிருந்தான். ஆர்டனுக்கு இரண்டு வயது, தரைக்குக் கீழே இருந்த எங்கள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான், வெளியே பூட்டி. சாயங்காலம் அழுகை கேட்டு லிரிதான் பூட்டை உடைத்தாள். நான் அந்தச் செர்ரி ஏப்ரனோடு எல்லையில் இறக்கப்பட்டு, நாலு நாள் நடந்து திரும்பி வந்தேன்.

திரும்பி வந்து அதே வீட்டுக்கு வேலைக்குப் போனேன். ஆமாம், போனேன். வேறு வீடு இல்லை, பிள்ளைக்குப் பால் வேண்டும். அவளும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஏழு வருஷம். பேப்பர் கைக்கு வந்த மறு மாதம் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மேலாளர் போனில் சொன்னார். நோட்டரி முன்னால் சத்தியப் பத்திரம் வேண்டும்: வசிலிக்கியும் ஹைரியேயும் ஒரே ஆள்தான் என்று. அதைக் காட்டினால் வரி ஆபீஸில் பெயரை மாற்றுவார்கள், பிறகு வங்கி யோசிக்கும். சாட்சி இரண்டு. சொந்தக்காரர் ஆகாது. ஒன்று லிரி. இன்னொன்று தொண்ணூற்றெட்டு ஃபாரத்தில் முதலாளி என்று யார் கையெழுத்து இருக்கிறதோ அவர்.

“அது யாரு?” என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

“திருமதி பொலிக்ஸேனின்னு இருக்கு. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?”

போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

தண்ணீர்: எழுதவில்லை. அவன் எவ்வளவு குடித்தான் என்று இன்று நான் பார்க்கவில்லை. குடிக்கட்டும்.

“கூய்தீம்கிட்ட காரைக் கேளு,” என்றான் பெத்ரி. கூய்தீம் என் தங்கை புருஷன். என் அப்பா செத்த மூன்றாம் நாள், வீடு நிறையத் துக்கம் கேட்க வந்தவர்கள் இருக்கும்போது, அடுத்த அறையில் டி.வி. முன்னால் உட்கார்ந்து “கோல்!” என்று கத்தினவன். பதினெட்டு வருஷம் ஆகிறது நான் அவனோடு பேசி.

“கேக்கறேன். நான் செத்த பிறகு.”

“அப்ப பொலிக்ஸேனிகிட்ட போ.”

“அது நீ செத்த பிறகு.”

அவன் எழுந்து உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்தால் அவனுக்கு எழுந்து உட்காரவே தெம்பிருக்காது. “உன் வன்மம் பெருசா, எங்கம்மா பெருசா? சொல்லிடு. நான் அவளுக்குப் போன் பண்ணி வரலேன்னு சொல்லிடறேன்.”

நாற்பத்து மூன்று வருஷத்தில் என்னிடம் இப்படிப் பேசினதில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

கூய்தீமுக்குப் போன் செய்தேன். ஆமாம், நான்தான்.

“காரு வேணும்.”

“எந்தக் காரு?”

“உன் சிவப்புக் காருதான். பெருநாளுக்கு, ரெண்டு நாளைக்கு.”

“அதை வித்து ரெண்டு வருஷம் ஆச்சு, அண்ணி. கண்ணுல ஆபரேஷன். பேசிட்டு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

பதினெட்டு வருஷத்து வைராக்கியத்தை, இல்லாத காருக்காக உடைத்தேன். தூ.

பிப்ரவரி 29, வியாழன்

கலமரியாவில் கிரியாவின் அதே வீடு. அதே கதவு, பெயிண்ட் மட்டும் புதுசு. மணி அடித்தேன். ஐம்பது வயது இருக்கும், ஒரு பெண் திறந்தாள், கையில் ரப்பர் உறை.

“உள்ள போய்ச் சொல்லு. வாசோ வந்திருக்கேன்னு.”

அவள் குழம்பிப்போய்ப் பார்த்தாள். “வாசோ நான்தானே?”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

“உங்கம்மா வச்ச பேர் என்ன?”

“நாத்தெலா. ஊர் ஜார்ஜியா.”

உள்ளே கிரியா பொலிக்ஸேனி சாய்வு நாற்காலியில். எண்பத்தாறு. கால் இரண்டும் வீங்கி, முன்னால் நடைவண்டி.

“நீ கிழவி ஆயிட்டியேடி,” என்றாள்.

“நீங்க மட்டும் கொமரியா இருக்கீங்களோ?”

“வாய் அப்படியே இருக்கு. ஒரு வார்த்தை சொல்லாமப் போனவதானே நீ. சாவியை மேசைமேல வச்சுட்டு.”

“தெரியாதவங்ககிட்ட எதுக்குச் சொல்லிட்டுப் போகணும்?”

நாத்தெலா இரண்டு காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் தொடவில்லை. கிரியா தன் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தாள்.

“அதை இன்னும் வச்சிருக்கியா நீ?”

“ஏப்ரல் ஒம்போது. வியாழக்கிழமை. நீங்க பச்சைச் செருப்பு போட்டிருந்தீங்க.”

“எங்க வீட்டுக்காரர் முனிசிபாலிட்டியில இருந்தாரு. உங்களை வச்சிருந்த வீட்டுக்கெல்லாம் அபராதம். வேலை போயிடும்னாங்க. பயம்டி எனக்கு.”

“எனக்கும் பயம்தான். ரெண்டு வயசுப் பிள்ளையை உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருந்தேன்.”

“அது எனக்குத் தெரியாது.”

“நீங்க கேக்கல.”

தொண்ணூற்றெட்டு ஃபாரத்தின் நகலை நீட்டி, செவ்வாய்க்கிழமை நோட்டரி முன்னால் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றேன். கண்ணாடி போட்டு எழுத்தெழுத்தாகப் படித்தாள். அவள் புருஷன் கையெழுத்துக்குக் கீழே அவள் கையெழுத்தும் இருந்தது.

“வந்து சொல்றேன்,” என்றாள். “ஆனா ஒண்ணு. எனக்கு எத்தனை நாளோ தெரியல. என்மேல வருத்தம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.”

“அந்த ஃபாரத்துல அதுக்கு இடம் இல்லை.”

கெட்டது போ, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பெத்ரிக்கு என்ன சொல்வது என்றுகூட மனசு யோசிக்க ஆரம்பித்துவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டாள்: “செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?”

வெளியே வரும்போது நாத்தெலாவைத் தனியே பிடித்தேன். “அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஏன் திரும்பறே?”

“அக்கா, சம்பளம் அந்தப் பேருக்குத்தானே வருது.”

“எந்தப் பேர்ல காப்பீடு கட்டறாங்கன்னு போய்ப் பாரு. எதுல கையெழுத்து வாங்கினாலும் படிக்காமப் போடாதே. படிக்கத் தெரியலேன்னா என்கிட்ட கொண்டு வா.” என் நம்பரை அவள் ரப்பர் உறைமேல் பேனாவால் எழுதினேன்.

மார்ச் 5, செவ்வாய்

நோட்டரி ஆபீஸ். இரண்டாம் மாடி, லிஃப்ட் ஓடவில்லை. லிரியும் நாத்தெலாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, கிரியாவைப் படிப்படியாக ஏற்றினார்கள். நான் நடைவண்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவளைத் தொடவில்லை.

லிரி முதலில் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள், அவள் எதற்கும் அழுவாள். “நாங்க ஒண்ணா நடந்து வந்தோம் சார், என் செருப்பு அறுந்து அவ செருப்பை ஆளுக்கொண்ணு போட்டுக்கிட்டு—”

“பேர் மட்டும் போதும்மா,” என்றார் நோட்டரி.

பிறகு கிரியா பக்கம் திரும்பினார். “இந்தப் பெண்மணியை உங்களுக்குத் தெரியுமா?”

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கப்பல் படம்.

“தெரியும்,” என்றாள்.

“எப்போதிலிருந்து?”

“தொண்ணூத்தொண்ணுலேர்ந்து. வசிலிக்கின்னு நான்தான் கூப்பிட்டேன். இவ பேர் ஹைரியே. அதுவும் எனக்குத் தெரியும், மொத நாளே சொன்னா.” மூச்சு வாங்கினாள். “தொண்ணூத்திரண்டு ஏப்ரல் ஒம்போதாம் தேதியும் எனக்கு இவளைத் தெரியும்.”

நோட்டரி தலை நிமிர்ந்தார். “அந்தத் தேதி எதுக்கு?”

“எழுதுங்க.”

“தேவையில்லையேம்மா.”

“காசு குடுக்கறோமில்ல? எழுதுங்க.”

எழுதினார். கீழே அவள் கையெழுத்து, கோணல் மாணலாக.

இறங்கும்போது அவள் “வாசோ, கையைப் பிடி,” என்றாள். நாத்தெலா பிடித்தாள். கோபம் மறுபடி வந்தது. நல்லதாகப் போயிற்று. நடுவில் கொஞ்ச நேரம் எங்கே போய்விட்டதோ என்று பயந்தேன்.

மார்ச் 6, புதன்

தண்ணீர்: இரண்டு. பத்திரத்தை பெத்ரிக்குப் படித்துக் காட்டினேன், இயந்திரம் ஓட ஓட. ஏப்ரல் ஒன்பது வந்த இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.

மார்ச் 12, செவ்வாய்

வரி ஆபீஸ். மூன்று மணி நேரம் வரிசை, பதினொரு நிமிஷ வேலை. அந்தப் பெண் கேட்டாள்: “இதுல எந்தப் பேரை வச்சுக்கறீங்க?”

துணிக்கடையில் கேட்பதுபோலக் கேட்கிறாள்! “எங்கப்பா வச்சதை,” என்றேன்.

மார்ச் 14, வியாழன்

நீல டை சிரித்தான். “இப்ப நீங்க ஒரே ஆளாயிட்டீங்க.” விண்ணப்பம் அனுப்பினான். வெளிநாட்டவர் என்றால் ஏதென்ஸிலிருந்து மேலிடம் பார்க்க வேண்டுமாம்.

“எத்தனை நாள்?”

“சொல்ல முடியாது.”

“நோன்பு ஆரம்பிச்சாச்சு. பெருநாள் ஏப்ரல் பத்து. உங்க மேலிடத்துக்குச் சொல்லு.”

மார்ச் 18, திங்கள்

கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் விரதம் தொடங்குகிறதென்று ஊருக்கே விடுமுறை. வங்கியும் மூடல். ஊர் முழுக்கப் பட்டம் விடுகிறது. பெத்ரியின் இயந்திரத்துக்கு மட்டும் விடுமுறை இல்லை. அவன் அம்மா போன் செய்தாள். நான் எடுத்தேன். “வர்றீங்களா, பொய் சொல்லப் போறீங்களா? எதுவானாலும் சீக்கிரம் சொல்லு, ரொட்டி அடுப்புல இருக்கு.” வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

மார்ச் 26, செவ்வாய்

வங்கியில் கதவுக்கு நேரே ஒரு நாற்காலி. செவ்வாயும் வியாழனும் திறக்கும்போது போய் அதில் உட்காருகிறேன், மூடும்போது எழுந்து வருகிறேன். யாரையும் எதுவும் கேட்பதில்லை. பின்னல் வேலை கொண்டு போகிறேன். இன்று மேலாளர் வந்து, “அம்மா, வீட்டுலயே இருங்க, நாங்களே கூப்பிடறோம்,” என்றார்.

“வீட்டுல குளிரு,” என்றேன்.

மார்ச் 28, வியாழன்

நீல டை எனக்கு முன்பே வந்து கதவருகே நின்றான். ஓகே ஆகிவிட்டது! கார்டு வீட்டுக்கு வரும், பத்து நாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் பெயரைக் கேட்டேன். தோதொரிஸ்.

ஏப்ரல் 8, திங்கள்

நாசமாய்ப் போக. நாசமாய்ப் போக!

நாங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப கூரியர்காரன் வந்திருக்கான். கீழ்வீட்டுக்காரி சொன்னா: “யாரோ ஹைரியேவாம், தேடிட்டு வந்தான். அப்படி இங்க யாருமே இல்லையேப்பான்னு அனுப்பிட்டேன் வாசோ. ஏன், உங்க சொந்தமா?”

அவளிடம் கத்தி என்ன பிரயோஜனம்? இருபத்திரண்டு வருஷமாக வாசல் மணிப் பலகையில் நானே என் கையால் எழுதி ஒட்டினது: வசிலிக்கி. ஊரையெல்லாம் திட்டினேனே, இதை மாற்ற எனக்குத் தோன்றவில்லையே. மடச்சி.

கார்டைக் கூரியர் கிடங்கில் மூன்று நாள் வைத்திருப்பார்களாம், பிறகு வங்கிக்கே திரும்பிவிடுமாம்.

ஏப்ரல் 10, புதன்

பெருநாள். தண்ணீர்: பார்க்கவில்லை.

பெத்ரியை இயந்திரத்தில் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிக் கிடங்குக்குப் போனேன். நேற்றும் போனேன், வேலைநிறுத்தம் என்று பூட்டியிருந்தது. இன்று திறந்திருந்தது. பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அந்த ஆள் ஒன்றுமே கேட்கவில்லை. உறையைத் தந்தான், அவ்வளவுதான். இதற்கா இத்தனை?

அங்கிருந்து நேரே சிவப்பு நகக்காரியிடம். கார்டை வாங்கி அவள் இயந்திரத்தில் செருகினாள். இரண்டு பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை. “வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு, பாட்டி. கீறல் விழுந்தா பிடிச்சுக்குவோம்.”

வீட்டுக்கு வந்து மணிப் பலகையில் என் பெயரை எழுதினேன். கீழ்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “அப்ப இனிமே உன்னை என்னன்னு கூப்பிடறது?”

“எழுதியிருக்குல்ல. படி.”

ஏப்ரல் 15, திங்கள்

ஊருக்குப் போன மூன்று நாளும் எழுதவில்லை. ஞாயிறு இரவு எட்டு மணிக்குத் திரும்பினோம். இன்று காலை ஏழு மணிக்கு பெத்ரி அவன் நாற்காலியில் இருந்தான். டாக்டரம்மா எடை பார்த்து, “நல்லா இருக்கீங்களே,” என்றாள்.

கிராமத்தில் மாமியார்க் கிழவி அடுப்பருகே கட்டிலில் இருந்தாள். கண்ணில் பால் படர்ந்துவிட்டது, நிழல்தான் தெரிகிறது. விலா எலும்பு கூடை மாதிரித் தெரிய இளைத்திருக்கிறாள். பெத்ரி அம்மாவை “நெனே” என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் முகத்தைத் தடவி, தோளைத் தடவி, அப்படியே கைவழியே கீழே வந்தாள். மணிக்கட்டுக்கு மேலே நின்றுவிட்டாள். டயாலிசிஸ் ஊசி போட ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்த இடம். விரல் வைத்தால் உள்ளே இரையும்.

“இதுக்குள்ள என்னடா? தேனீ மாதிரி இரையுது.”

“வயசாச்சுல்ல நெனே.”

“எனக்குத் தொண்ணூத்தொண்ணு. எனக்கு இரையலியே.”

சொல்லிவிட்டான். ஆறு வருஷத்தையும். முதலாளி, லீவு, முதுகு வலி எல்லாம் பொய் என்று. அவள் கையை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அந்த இரைச்சலையே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

“உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“ஞாயித்துக்கிழமைதோறும் போன்ல பேசினே. என்ன சமைச்சேன், எந்தச் செடி பூத்துதுன்னு அதெல்லாம் சொன்னே.”

பெத்ரிதான் சொல்ல வேண்டாம் என்றான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதோடு அவள் என்னிடம் பேசவில்லை. வெள்ளி, சனி முழுக்க. நான் செய்த கீரைப் பணியாரத்தைத் தின்றாள், நான்தான் தலை வாரி விட்டேன், பேச்சு மட்டும் கிடையாது. ஞாயிறு கிளம்பும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு பெத்ரியிடம் சொன்னாள்: “அவகிட்ட கேளு, மறுபடி எப்ப உன்னைக் கூட்டிட்டு வருவான்னு.”

“நீயே கேளேன் நெனே. பக்கத்துலதான் நிக்கறா.”

“நான் அவகூடப் பேசறதில்லை.”

எல்லை வரை நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். எல்லை தாண்டினதும் பெத்ரி சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் அழுதான். அப்புறம் தூங்கிவிட்டான்.

இன்று ஒன்பது மணிக்கு வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். சிவப்பு நகக்காரி போன் விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டாள். நான் போகவில்லை. கார்டை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“மே பத்து, வெள்ளிக்கிழமை. இதே வண்டி.”

“மறுபடியுமா பாட்டி? இப்பத்தானே போயிட்டு வந்தீங்க. அங்க என்ன விசேஷம்?”

“மாமியார் கோவமா இருக்காங்க,” என்றேன். “போட்டுக்கோ.”